உல்லாசக் கப்பலில் கைச்செலவும் ரொக்கமும்: புறப்படும் முன் தொடங்கி வீடு திரும்பும்வரை

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற நகரிலிருந்து குடும்பத்தோடு முதன்முறையாக உல்லாசக் கப்பல் ஏறப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். சீட்டு வாங்குவதையும் அறை பிடிப்பதையும் முகவர் பார்த்துக்கொள்வார். அதற்குப் பிறகு எந்த அட்டையைக் கொடுப்பது, எந்த நாணயத்தை எங்கே மாற்றுவது, கையில் எவ்வளவு வைத்துக்கொள்வது என்பதை யாரும் உட்கார்ந்து சொல்லித் தருவதில்லை. சொந்தக்காரர்களையும் கோயில் குழுவினரையும் கப்பலுக்கு அனுப்பி வைக்கும் வேலை என்னிடமே வந்து சேர்வதால், புதியவர்கள் எந்த இடத்தில் தடுக்கி விழுகிறார்கள் என்பது ஏறக்குறைய மனப்பாடமாகிவிட்டது.

பெரும்பாலான தடுமாற்றங்களுக்குக் காரணம் காசு குறைவது இல்லை, வேலைகளின் வரிசை மாறுவதுதான். ஊரில் மட்டுமே முடிக்கக்கூடிய வங்கி வேலைகளை விட்டுவிட்டு, கட்டுக்கட்டாக டாலர் மாற்றுவதில் முதலில் இறங்குகிறார்கள். கப்பலுக்குள் அந்த டாலரை யாரும் கை நீட்டி வாங்குவதில்லை. கரையில் இறங்கினாலோ டாக்சிக்காரர் உள்ளூர்ப் பணத்தைத்தான் கேட்கிறார். சிங்கப்பூரில் ஏறி, பினாங்கையும் புக்கெட்டையும் தொட்டுத் திரும்பும் 4 இரவுப் பயணத்தை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்கிறேன். வேறு தடத்தில் போகிறவர்களுக்கு நாணயம் மாறுமே தவிர வரிசை மாறாது.

1. சீட்டில் அடங்காத செலவுகளை முதலில் எழுதுங்கள்

சீட்டுப் பணத்தில் அறை, பொது உணவகச் சாப்பாடு, பெரும்பாலான நிகழ்ச்சிகள் ஆகியவை அடங்கிவிடும். அடங்காதவற்றில் முதலாவது, பணியாளர்களுக்கான அன்றாடச் சேவைத் தொகை. பல கப்பல்களில் இது ஓர் ஆளுக்கு ஒரு நாளுக்கு இவ்வளவு என்று தானாகவே உங்கள் அறைக் கணக்கில் ஏறிவிடும். அமெரிக்க நிறுவனங்களின் பெரிய கப்பல்களில் சாதாரண அறைக்கு இது 15 முதல் 20 டாலர் வரை இருப்பது வழக்கம். பிள்ளைகளும் பெரும்பாலும் கணக்கில் சேர்வார்கள்.

18 டாலர் என்று வைத்துக்கொண்டால், 4 பேருக்கு 4 நாளில் 288 டாலர் ஆகிறது. ஒரு டாலரை 4 வெள்ளி (ரிங்கிட்) 20 சென்னாகக் கணக்கிட்டால் 1,200 வெள்ளியைத் தாண்டிவிடும். ஒரு பொட்டலம் மிட்டாய்கூட வாங்காத குடும்பத்துக்கும் இந்தச் செலவு உண்டு. முகவரிடம் கேட்டால் இதைச் சீட்டோடு சேர்த்து முன்கூட்டியே கட்டிவிடலாம். கட்டிவிடுவதையே நான் பரிந்துரைப்பேன். கப்பலில் ஏறிய பிறகு கணக்கு எவ்வளவு ஏறுகிறது என்று பார்ப்பது அப்போது எளிதாகிவிடும்.

இரண்டாவது, குடிபானம். சாப்பாட்டோடு வரும் தண்ணீர், காப்பி, தேநீர் போக, புட்டிப் பானங்களுக்கும் மதுவுக்கும் தனி விலை. அந்த விலையின் மேல் 18 முதல் 20 விழுக்காடு வரை சேவைக் கட்டணம் ஏறும். பட்டியலில் 4 டாலர் என்று போட்டிருக்கும் குளிர்பானம் 18 விழுக்காட்டோடு 4 டாலர் 72 காசாகிறது. நம் கணக்கில் ஏறக்குறைய 20 வெள்ளி. அந்தக் காசுக்கு நம் ஊர் பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) ஒரு குடும்பமே குடித்துவிட்டு வரலாம் என்று கணக்குப் பார்ப்பவர்கள், அந்தக் கணக்கை ஏறும் முன்பே பார்த்துக்கொள்வது நல்லது.

இணையம், நிழற்படம், கரைச் சுற்றுலா ஆகியவை விருப்பச் செலவு. மருத்துவம் மட்டும் நம் விருப்பத்தில் இல்லை. கப்பல் மருத்துவரைப் பார்த்தால் கட்டணம் நேராக அறைக் கணக்கில் ஏறும். பயணக் காப்புறுதி இருந்தாலும் பெரும்பாலும் நீங்கள் கட்டிவிட்டு, இரசீதைக் காட்டிப் பிறகு கோர வேண்டியிருக்கும். சர்க்கரை, இரத்த அழுத்தம் உள்ள பெரியவர்களை அழைத்துச் செல்பவர்கள் இதற்கென்று ஒரு தொகையை ஒதுக்காமல் கிளம்பக் கூடாது.

காசு எங்கிருந்து வருகிறது என்பதையும் இதே தாளில் எழுதுங்கள். பயணத்துக்கு முந்தைய வாரம் கூட்டு (பலர் சேர்ந்து பணம் போட்டு, முறைவைத்து ஒருவர் மொத்தமாக எடுக்கும் ஏற்பாடு) விழும், அதை எடுத்துக்கொண்டு கிளம்பலாம் என்று நம்பி நிற்கும் வீடுகள் நம் பக்கத்தில் இன்றும் உண்டு. கூட்டு நடத்துவதைத் தடை செய்யும் சட்டம் 1971ஆம் ஆண்டிலிருந்தே நடப்பில் இருக்கிறது என்பது ஒருபுறமிருக்க, அந்தப் பணம் சொன்ன தேதியில் வராவிட்டால் போய்க் கேட்பதற்கும் இடமில்லை. பயணப் பணம் குறைந்தது 2 வாரத்துக்கு முன்பே உங்கள் வங்கிக் கணக்கில் இருக்க வேண்டும். அடுத்து வரும் படிகள் எல்லாம் அதை வைத்துத்தான் நடக்கும்.

2. பணத்தை மூன்றாகப் பிரியுங்கள்

முதல் பங்கு கப்பலுக்குள் செலவாவது. இது அட்டை வழியாக அறைக் கணக்குக்குப் போகும். இரண்டாவது பங்கு கரையில் செலவாவது. இதில் பாதிக்கு மேல் உள்ளூர் நாணயத்தில் ரொக்கமாக இருக்க வேண்டும். மூன்றாவது பங்கு கையே வைக்கக் கூடாத அவசரப் பணம். இது வேறொரு வங்கியின் அட்டையில், வேறோர் ஆளின் பையில் இருக்க வேண்டும்.

மூன்றையும் ஒரே கணக்கில் வைத்து ஒரே அட்டையை நீட்டுவதுதான் நான் அடிக்கடி காணும் பிழை. அதன் விளைவு என்ன என்பது ஐந்தாம் படியில் தெரியும்.

3. வங்கி வேலைகளை ஊரிலேயே முடியுங்கள்

இந்தப் படிக்கு ஒரு வாரம் ஒதுக்குங்கள். இங்கே விட்டுப்போகும் எதையும் கடலில் இருந்துகொண்டு சரிசெய்வது குதிரைக்கொம்பு.

முதலில் உங்கள் அட்டையின் முன்பின் பக்கங்களைப் பாருங்கள். மைடெபிட் சின்னம் உள்நாட்டுக்கு உரியது. விசா அல்லது மாஸ்டர்கார்டு சின்னமும் அதில் இருந்தால்தான் கப்பலிலும் வெளிநாட்டிலும் அது வேலை செய்யும். இரண்டில் ஒன்றும் இல்லையென்றால் வங்கிக்குப் போய் அட்டையை மாற்றி வாங்குங்கள்.

அடுத்து, வெளிநாட்டுப் பயன்பாட்டைத் திறந்துவிடுங்கள். மலேசிய வங்கிகள் தரும் பற்று அட்டைகளில் (டெபிட் கார்டு) இது இயல்பாகவே அடைத்து வைக்கப்பட்டிருக்கும். களவுபோன அட்டையை அயல்நாட்டில் யாரும் பயன்படுத்திவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. வங்கிச் செயலியிலோ ஏடிஎம்மிலோ கிளையிலோ நீங்களே கேட்டுத் திறக்க வேண்டும். கடையில் கட்டுவதும் ஏடிஎம்மில் ரொக்கம் எடுப்பதும் பல வங்கிகளில் இரண்டு தனித் தெரிவுகள். ஒன்றைத் திறந்துவிட்டு இரண்டும் திறந்துவிட்டதாக நினைத்துப் புக்கெட்டில் ஏடிஎம் முன்னால் விழிப்பவர்கள் உண்டு. அன்றாட வரம்பு எவ்வளவு, திறப்பு எந்தத் தேதிவரை செல்லும் என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.

மூன்றாவது, அட்டை யார் பெயரில் இருக்கிறதோ அவரே கப்பல் ஏற வேண்டும். "மகன் ஷா ஆலாமில் இருக்கிறான், அவன் அட்டை நம்பரை எழுதிக் குடுத்திருக்கிறான், அது போதும் தம்பி" என்று என்னிடம் சொன்ன அத்தைமார்கள் பலர். ஏறும் இடத்தில் அட்டையையே கையில் வாங்கிப் பார்ப்பார்கள். எழுதிக் கொடுத்த எண் அங்கே செல்லாது. வீட்டிலிருக்கும் மகன் உதவ விரும்பினால், அம்மாவின் கணக்கில் முன்னதாகவே பணம் போட்டுவிட வேண்டும், அல்லது சீட்டு வாங்கிய இணையக் கணக்கின் வழியாகச் சேவைத் தொகையையும் இணையத்தையும் முன்கூட்டியே கட்டிவிட வேண்டும்.

நான்காவது, கைத்தொலைபேசி. இப்போது இணையப் பரிமாற்றங்களுக்கு வங்கிகள் பெரும்பாலும் குறுஞ்செய்தியில் வரும் எண்ணைக் கேட்பதில்லை. பதிவு செய்த ஒரே கருவியிலுள்ள செயலியில் ஒப்புதல் தரச் சொல்கின்றன. புதிய கருவியில் செயலியைப் பதிவு செய்தால், ஏமாற்றுக்காரர்களைத் தடுப்பதற்காகப் பல மணி நேரம் காத்திருக்கவும் வைக்கின்றன. பயணத்துக்கென்று ஆசையாகப் புதுக் கைத்தொலைபேசி வாங்குபவர்கள் கிளம்பும் நாளன்று அதை வாங்காமல், ஒரு வாரம் முன்னதாக வாங்கி, செயலியில் ஒரு முறை பணம் அனுப்பிச் சோதித்துப் பார்க்க வேண்டும்.

கடைசியாக, அட்டை தொலைந்தால் செய்ய வேண்டியது. செயலியில் கணக்கை உடனே முடக்கும் தெரிவு எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்து வையுங்கள். வங்கியின் தொலைபேசி எண்ணை +60 சேர்த்து ஒரு தாளில் எழுதிப் பெட்டியில் போடுங்கள். அட்டையின் பின்பக்கத்தில் எண் இருக்கிறதே என்பார்கள். தொலைவது அந்த அட்டைதான் என்பதை மறந்துவிட்டுச் சொல்வது அது.

இரகசிய எண்ணை மறந்த பெரியவர்கள் ஒவ்வொரு குழுவிலும் இருப்பார்கள். அட்டையைத் தொட்டுக் கட்டியே பழகியதால் எண் நினைவில் நிற்பதில்லை. ஊர் ஏடிஎம்மில் ஒரு முறை 50 வெள்ளி எடுக்கச் சொல்லிப் பாருங்கள். எண் சரிதானா, அட்டைச் சில்லு தேய்ந்திருக்கிறதா என்பது இரண்டும் அங்கேயே தெரிந்துவிடும்.

4. நாணயத்தை அளவாக மாற்றுங்கள்

வங்கி வேலை முடிந்த பிறகுதான் நாணய மாற்று. எந்த அட்டை எங்கே செல்லும் என்று தெரிந்தால்தான் ரொக்கம் எவ்வளவு வேண்டும் என்று சொல்ல முடியும்.

நம் ஊரில் கிடைக்காத நாணயத்தை ஈப்போவிலோ பினாங்கிலோ, கோலாலம்பூர் போகும் வேலை இருந்தால் மஸ்ஜித் இந்தியா பக்கத்திலோ மாற்றலாம். நாணய மாற்றுக் கடைகள் மலேசிய மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் உரிமம் பெற்றிருக்க வேண்டும் என்பது 2011ஆம் ஆண்டுச் சட்டம். உரிமம் கடையில் தெரியும்படி இருக்க வேண்டும், இரசீதும் தர வேண்டும். தெரிந்தவர், ஒரு சென் கூடுதலாகத் தருகிறார் என்று யாரோ ஒருவரிடம் இரசீதில்லாமல் மாற்றிக்கொண்டால், கள்ள நோட்டு வந்தாலும் கிழிந்த நோட்டு வந்தாலும் திருப்பிக் கொடுக்க வழியில்லை.

புக்கெட்டில் ஒரு பகலுக்கு, டாக்சியும் மதியச் சாப்பாடும் சிறு கடைகளும் சேர்த்து எவ்வளவு ஆகும் என்று கணக்கிட்டு, அதில் முக்கால் பங்கைத் தாய்லாந்து பாட்டாக மாற்றுங்கள். 1,000 பாட் நோட்டாக மட்டும் வாங்காமல் 100, 20 நோட்டுகளையும் கேட்டு வாங்குங்கள். பெரிய நோட்டை நீட்டினால் சில்லறை இல்லை என்று கையை விரிக்கும் வண்டிக்காரர்களிடம் பேரம் பேசிப் பயனில்லை.

அமெரிக்க டாலர் நிறைய தேவைப்படாது. அறையைச் சுத்தம் செய்பவருக்கோ பெட்டி தூக்குபவருக்கோ கையில் ஏதாவது கொடுக்க விரும்பினால் 1 டாலர், 5 டாலர் நோட்டுகள் கொஞ்சம் போதும். டாலர் நோட்டில் எழுத்தோ கிழிசலோ அழுத்தமான மடிப்போ இருந்தால் வாங்கும்போதே மாற்றிக் கேளுங்கள். இந்த வட்டாரத்து நாணய மாற்றுக் கடைகள் அப்படிப்பட்ட நோட்டைத் தள்ளிவிடும், அல்லது குறைந்த விலைக்கு எடுக்கும்.

சிங்கப்பூர் டாலர், ஏறும் முன்னும் இறங்கிய பின்னும் ஒரு சாப்பாட்டுக்கு ஆகும் அளவு போதும். அங்கே எம்ஆர்டி ரயிலிலும் பேருந்திலும் வெளிநாட்டுப் பயன்பாடு திறக்கப்பட்ட விசா, மாஸ்டர்கார்டு அட்டையைத் தொட்டே ஏறலாம். மரினா பே கப்பல் முனையத்துக்கு மரினா சவுத் பியர் நிலையத்தில் இறங்க வேண்டும்.

எல்லாரும் மறப்பது ரிங்கிட்டை. இருக்கும் வெள்ளியையெல்லாம் ஜொகூர் பாருவில் மாற்றிவிட்டுக் கப்பல் ஏறி, இரண்டு நாள் கழித்துப் பினாங்கில் இறங்கி, நாசி கண்டார் சாப்பிட வெள்ளி இல்லாமல் நிற்கும் மலேசியர்களைப் பார்க்கச் சிரிப்பு வரும், அவர்களுக்கு வராது. பினாங்குக்கென்று தனி உறையில் ரிங்கிட் வையுங்கள்.

பெருந்தொகை கொண்டுபோகிறவர்களுக்கு ஒரு குறிப்பு: 10,000 அமெரிக்க டாலர் மதிப்புக்கு மேல் ரொக்கம் எடுத்துக்கொண்டு மலேசியாவை விட்டு வெளியேறினாலும் உள்ளே வந்தாலும் சுங்கத்துறையிடம் அறிவிக்க வேண்டும்.

5. ஏறும் நாளில் அறைக் கணக்கைத் திறக்கும் முறை

கப்பலில் ஏறும்போது ஒவ்வொருவருக்கும் ஓர் அட்டை தருவார்கள். அறைக் கதவைத் திறப்பதும், கப்பலை விட்டு இறங்கி ஏறுவதும், கடையில் பொருள் வாங்குவதும் அதை வைத்துத்தான். நீங்கள் வாங்கும் ஒவ்வொன்றும் அறைக் கணக்கில் ஏறி, கடைசி நாளில் மொத்தமாகத் தீர்க்கப்படும். அந்தக் கணக்குக்கு ஈடாக ஒரு கடன்பற்று அட்டையையோ (கிரெடிட் கார்டு) பற்று அட்டையையோ ரொக்க முன்பணத்தையோ தர வேண்டும். கணக்கு எந்த நாணயத்தில் என்பது கப்பலுக்குக் கப்பல் மாறும். சில அமெரிக்க டாலரில் நடத்துகின்றன, சில சிங்கப்பூர் டாலரில். முன்பதிவுத் தாளில் இது எழுதியிருக்கும்.

இங்கேதான் நிதானம் வேண்டும். அட்டையைக் கொடுத்தவுடன் கப்பல் பணத்தை எடுத்துவிடுவதில்லை. ஒரு தொகையை வங்கியில் பிடித்து வைக்கச் சொல்கிறது. செலவு அந்தத் தொகையை நெருங்கும்போது மேலும் பிடித்து வைக்கும். கடன்பற்று அட்டையாக இருந்தால் உங்கள் கடன் வரம்பு மட்டும் அந்த அளவுக்குச் சுருங்கும். பற்று அட்டையாக இருந்தால் உங்கள் சொந்தச் சேமிப்பே முடங்கும். கடைசி நாளில் உண்மையான தொகை கழிக்கப்பட்ட பிறகும், பிடித்து வைத்தது விடுபடச் சில நாள் முதல் சில வாரம்வரை ஆகலாம். அந்த இடைவெளியில் ஒரே செலவுக்கு இரண்டு முறை காசு போனதுபோலத் தோன்றும்.

ஒரு பயணத்தில் எங்கள் குழுவோடு வந்த, பால்மரத் தோட்டத்தில் வேலை செய்து ஓய்வு பெற்ற தம்பதியிடம் ஒரே ஒரு பற்று அட்டை இருந்தது. கப்பலின் வரவேற்பு முகப்பில் அட்டையைக் கேட்டார்கள், இவர்களும் கொடுத்துவிட்டார்கள். மூன்றாம் நாள் புக்கெட்டில் ஏடிஎம் திரையில் போதிய இருப்பு இல்லை என்று வந்தது. அந்த அம்மா கைப்பையைத் திறந்து, பிளாஸ்டிக் உறைக்குள் நான்காக மடித்து வைத்திருந்த ஏடிஎம் இரசீதை எடுத்துக் கணவரிடம் நீட்டி, "என்னங்க, கெளம்பறப்ப இவ்ளோ இருந்துச்சே, எங்க போச்சு?" என்று கேட்டார். இரசீதில் இருந்த தொகை பொய்யில்லை. அதில் பெரும்பகுதி கப்பல் கணக்குக்காகப் பிடித்து வைக்கப்பட்டிருந்தது, அவ்வளவுதான். யாரும் திருடவில்லை என்று புரிய வைப்பதற்குள் கரையில் இருந்த நேரத்தில் பாதி கரைந்துவிட்டது.

ஆகவே, கடன்பற்று அட்டை வைத்திருக்கும் ஒருவர் குடும்பத்தில் இருந்தால் அவருடைய அட்டையைக் கொடுங்கள். இல்லையென்றால், அறைக் கணக்குக்கென்று ஒதுக்கிய முதல் பங்கு மட்டும் இருக்கும் தனிப் பற்று அட்டையைக் கொடுங்கள். இரண்டும் இயலாவிட்டால் ரொக்க முன்பணமே மேல். முன்பணம் தீர்ந்தால் அறை அட்டை வேலை செய்யாமல் நின்றுவிடும். முகப்புக்குப் போய் மேலும் கட்ட வேண்டும். அந்த நிறுத்தத்தையே ஒரு கடிவாளமாகப் பயன்படுத்தும் குடும்பங்கள் உண்டு, அது கெட்டிக்காரத்தனம். ரொக்கம் ஏற்பார்களா, குறைந்த அளவு எவ்வளவு என்பதை முகவரிடம் முன்னதாகவே கேட்டு வையுங்கள்.

இரண்டு அறைகளில் தங்கும் அண்ணன் தம்பிக் குடும்பங்கள் ஒரே அட்டையின்கீழ் கணக்குத் திறக்க வேண்டாம். கடைசி இரவில் யார் பிள்ளை குடித்த பழச்சாறு என்று பிரிக்க உட்கார்ந்தால், பயணத்தின் நல்ல பேச்செல்லாம் அங்கே முடிந்துவிடும்.

பிள்ளைகளின் அட்டையைச் செலவுக்குத் திறக்க வேண்டாம் என்றோ, இவ்வளவுக்கு மேல் போகக் கூடாது என்றோ முகப்பில் சொல்லலாம். விளையாட்டுக் கூடத்து இயந்திரங்களும் அதே அட்டையில்தான் ஓடுகின்றன. பிள்ளைகளுக்கு அது காசாகவே தெரியாது.

6. கப்பலில் அன்றாடம்

ஒவ்வோர் இரவும் படுக்கும் முன் கணக்கைப் பாருங்கள். பல கப்பல்களில் அறைத் தொலைக்காட்சியிலோ கப்பலின் செயலியிலோ காட்டும். கப்பலின் செயலியைத் திறக்கப் பெரும்பாலும் இணையக் கட்டணம் தேவையில்லை. தவறாக ஏறிய தொகையை மறுநாளே சொன்னால், எந்தக் கடை, எந்தப் பணியாளர் என்று தேடித் திருத்தித் தருவார்கள்.

பானக் கூடத்தில் கையெழுத்துக்கு வரும் சீட்டில் கூடுதல் வெகுமதி எழுதுவதற்கு ஒரு வெற்று இடம் இருக்கும். சேவைக் கட்டணம் ஏற்கெனவே சேர்ந்துவிட்டது. அந்த இடத்தில் கோடு போட்டுவிட்டு, மொத்தத்தை எழுதிக் கையெழுத்திட்டால் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

கட்டும் கருவி எதுவாக இருந்தாலும் ரிங்கிட்டில் கட்டுகிறீர்களா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். நம் நாணயத்தைத் திரையில் பார்ப்பது ஆறுதலாக இருக்கும். ஆனால் அந்த மாற்று விகிதத்தை வைப்பவர் கருவிக்காரர், அவருடைய இலாபமும் அதிலேயே இருக்கும். கணக்கு நடக்கும் நாணயத்தையே தேர்ந்தெடுங்கள். உங்கள் வங்கி எடுக்கும் மாற்றுக் கட்டணம் பெரும்பாலும் அதைவிடக் குறைவாகவே இருக்கும்.

கப்பலிலுள்ள ஏடிஎம் கடைசிப் புகலிடம். கப்பலின் கட்டணம் ஒன்று, உங்கள் வங்கியின் கட்டணம் ஒன்று என்று இரண்டு பிடிக்கும். பெரும்பாலும் டாலரைத்தான் தரும், நமக்குத் தேவைப்படும் பாட்டைத் தராது. முகப்பில் நாணயம் மாற்றித் தந்தாலும் விகிதம் நம் கைக்குச் சாதகமாக இருக்காது. சூதாட்டக் கூடத்தில் அறை அட்டையை வைத்து ரொக்கம் எடுக்க முடியும். அதற்கும் தனிக் கட்டணம் பிடிக்கும் கப்பல்கள் உண்டு. ஆடுவதா வேண்டாமா என்பது அவரவர் விருப்பம். அதற்கென்று தனி ரொக்கம் இல்லாதவர்கள் அந்தப் பக்கம் அறை அட்டையோடு போகாமல் இருப்பது குடும்பத்துக்கு நல்லது.

7. கரையிறங்கும் நாள்

இறங்கும் முன் பாதுகாப்புப் பெட்டியைத் திறந்து, அவசர அட்டையை உள்ளே வைத்துவிட்டு, ஒரே ஓர் அட்டையையும் அன்றைய ரொக்கத்தையும் மட்டும் எடுங்கள். ரொக்கத்தை இருவர் பிரித்து வைத்துக்கொள்ள வேண்டும். அறை அட்டை கட்டாயம் கையில் இருக்க வேண்டும். அது இல்லாமல் திரும்பி ஏறுவது பெரும்பாடு. கடப்பிதழ் (பாஸ்போர்ட்) வேண்டுமா, நகல் போதுமா என்பதை அன்றைய அறிவிப்பில் சொல்வார்கள்.

கைத்தொலைபேசியைக் கடலில் இருக்கும்வரை விமானப் பயன்முறையில் வையுங்கள். நடுக்கடலில் பிடிக்கும் கப்பல் அலைவரிசை, நாம் வாங்கும் வெளிநாட்டு இணையத் திட்டங்களில் பொதுவாக அடங்காது. அறியாமல் இணைந்துவிட்டால் கட்டணச் சீட்டு வயிற்றைக் கலக்கும். கரையில் கால் வைத்த பிறகு இணைப்பைத் திறந்தால் போதும்.

புக்கெட்டில் ஏடிஎம்மை நம்பி இறங்குபவர்கள் இந்தக் கணக்கைப் பாருங்கள். தாய்லாந்து ஏடிஎம்கள் வெளிநாட்டு அட்டைக்கு ஒவ்வொரு முறையும் 220 பாட் அல்லது அதற்கு மேல் பிடிக்கின்றன. 2,000 பாட் எடுத்தால் அது 11 விழுக்காடு. அதோடு நம் வங்கியும் ஒவ்வொரு முறைக்கும் தன் பங்குக்கு ஒரு கட்டணம் எடுக்கும். பல வங்கிகளில் அது 10 வெள்ளியை ஒட்டி இருக்கும். எடுத்தே ஆக வேண்டுமென்றால் மூன்று முறை சிறு சிறு தொகையாக எடுக்காமல், குடும்பத்துக்குத் தேவையானதை ஒரே தடவையில் எடுங்கள். தெருமுனை இயந்திரத்தைவிட வங்கிக் கிளையை ஒட்டிய இயந்திரமே நல்லது. அட்டை சிக்கிக்கொண்டால் உள்ளே போய்க் கேட்கலாம்.

ஏடிஎம்முக்கு முன்பாகக் கியூஆரை முயன்று பாருங்கள். மலேசியாவின் டுயிட்நவ் கியூஆர் கட்டண முறைக்கும் தாய்லாந்தின் பிராம்ப்ட்பே முறைக்கும் இடையே 2021இல் இணைப்பு ஏற்பட்டது. சிங்கப்பூரின் நெட்ஸோடு 2023இல் ஏற்பட்டது. உங்கள் வங்கிச் செயலியோ மின்பணப்பையோ இதை ஆதரித்தால், கடையிலுள்ள குறியீட்டை வருடி, திரையில் ரிங்கிட் தொகையைப் பார்த்துவிட்டு ஒப்புதல் தரலாம். கடையின் பெயரிலுள்ள வணிகக் குறியீடுதான் இதற்கு வேண்டும். தெருக்கடைக்காரர் தன் சொந்தக் கணக்கின் குறியீட்டைக் காட்டினால் பெரும்பாலும் ஏற்காது. இணையம் இல்லாவிட்டால் எதுவும் நடக்காது. இந்த இரண்டு காரணங்களாலும்தான் முக்கால் பங்கு ரொக்கம் என்று மேலே சொன்னேன்.

டாக்சியில் ஏறும் முன், போகவும் வரவும் சேர்த்து எவ்வளவு, காத்திருக்க எவ்வளவு என்று பேசி, தொகையைக் கைத்தொலைபேசியில் தட்டிக் காட்டி ஒப்புக்கொள்ள வையுங்கள். முழுப் பணத்தையும் முன்னதாகக் கொடுக்காதீர்கள். திரும்பும் கூலியைத் தனியாக மடித்து வேறு பையில் வைத்துவிடுங்கள். கடை வாசலில் நிற்கும்போது அந்தக் காசுக்கும் ஒரு சட்டை கிடைக்கும் என்று மனம் சொல்லும். கப்பல் ஆள் பார்த்துக் காத்திருக்காது. கரையில் விடப்பட்டவர்கள் அடுத்த துறைமுகத்துக்குத் தங்கள் செலவில்தான் போய்ச் சேர வேண்டும். அதனால், அவசர அட்டையை அறையில் பூட்டி வைத்திருப்பவர்கள், கையிலிருக்கும் அட்டையிலும் ஓர் இரவுத் தங்கலுக்கும் பயணத்துக்கும் ஆகும் அளவு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு இறங்குங்கள்.

பினாங்கைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. சுவெட்டன்ஹாம் துறையிலிருந்து நடந்தே லிட்டில் இந்தியா போய்விடலாம். நம் அட்டை, நம் கியூஆர், நம் வெள்ளி.

8. கடைசி இரவு

கடைசி நாள் காலையில் முகப்பில் நிற்கும் வரிசையைப் பார்த்தவர்கள் இந்தப் படியைத் தள்ளிப்போட மாட்டார்கள். அதற்கு முந்தைய நாள் மாலையிலேயே, சாப்பாட்டு நேரத்தில் கூட்டம் குறைந்திருக்கும்போது போய்க் கணக்கை அச்செடுத்து வாங்குங்கள்.

முன்கூட்டியே கட்டிய சேவைத் தொகை மறுபடியும் ஏறியிருக்கிறதா, எடுக்காத குளிர்பெட்டிப் பானம் ஏறியிருக்கிறதா, வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்த நிழற்படம் ஏறியிருக்கிறதா என்ற மூன்றையும் பாருங்கள். தவறு இருந்தால் அங்கேயே திருத்தம் கேளுங்கள்; இறங்கிய பிறகு மின்னஞ்சலில் கேட்பது நெடுவழி.

ரொக்க முன்பணம் கட்டியவர்கள் மீதியைக் கேட்டு வாங்க வேண்டும். மீதி கப்பலின் நாணயத்தில்தான் வரும். சிறு தொகையாக மீந்தால் கப்பல் கடையில் ஏதாவது வாங்கித் தீர்ப்பதைவிட, நோட்டாக வாங்கி ஊருக்குக் கொண்டுவருவது மேல். சில்லறைக் காசுகளை மட்டும் அங்கேயே செலவழித்துவிடுங்கள். நாணய மாற்றுக் கடைகள் பொதுவாக நோட்டை மட்டுமே வாங்கும்.

9. வீடு திரும்பிய பின்

கப்பல் தந்த இறுதிக் கணக்கைக் குறைந்தது 2 மாதம் பத்திரமாக வையுங்கள். வங்கிக் கணக்கில் அதே தொகை ஒரு முறை கழிக்கப்பட்டிருக்கிறதா, பிடித்து வைத்தது விடுபட்டிருக்கிறதா என்று வாரம் ஒரு முறை பாருங்கள். கப்பலின் தொகை டாலரிலும் வங்கியின் தொகை ரிங்கிட்டிலும் இருக்கும். மாற்று விகிதத்தாலும் வங்கிக் கட்டணத்தாலும் உங்கள் கணக்கோடு சிறு வேறுபாடு வருவது இயல்பு.

பிடித்து வைத்த தொகை சில வாரம் கழித்தும் விடுபடாவிட்டால், கப்பல் நிறுவனத்துக்கு எழுதுவதற்கு முன் உங்கள் வங்கியை அழையுங்கள். "கப்பல்காரன் காசு எடுத்துட்டான்" என்று தொடங்கினால் அவர்கள் அதை மோசடிப் புகாராகப் பதிவு செய்து, அட்டையை முடக்கி, புது அட்டை வாங்கச் சொல்லிவிடக்கூடும். முன் அங்கீகாரமாகப் பிடித்து வைத்த தொகை விடுபடவில்லை, இறுதித் தொகை இந்தத் தேதியில் தனியாகக் கழிக்கப்பட்டுவிட்டது என்று சொல்லி, கப்பல் தந்த கணக்கை அனுப்புகிறேன் என்று கேளுங்கள்.

பயணத்துக்காகத் திறந்த வெளிநாட்டுப் பயன்பாட்டையும் ஏடிஎம் தெரிவையும் வீடு திரும்பிய நாளிலேயே செயலியில் அடைத்துவிடுங்கள். வங்கி தானாக அடைக்கும் என்று எண்ணி விட்டுவிட வேண்டாம். தேதி குறிப்பிடாமல் திறந்திருந்தால் அது அப்படியே திறந்து கிடக்கும்.